உஷ்ணத்துக்கு அளவுகோல் தந்த பாரன்ஹீட்

குழந்தைக்கு உடம்பு சுடுகிறது. தாய் புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்க்கிறாள். பாட்டி கழுத்தடியில் தொட்டுப் பார்க்கிறாள். ஒருத்திக்கு லேசான சூடாகப் படுகிறது. மற்றவளுக்கு அனலாகக் கொதிப்பதாகப் படுகிறது. தர்மாமீட்டரை எடுத்து அக்குளில் வைத்துப் பார்த்து, நூற்றிரண்டு டிகிரி என்று சொன்னதும் வாதம் அடங்கிவிடுகிறது. எங்கோ பத்து மைலுக்கு அப்பால் இருக்கும் டாக்டரும், குழந்தையைத் தொடாமலே, அந்த ஓர் எண்ணைக் கொண்டு ஜுரத்தின் கடுமையைத் தெரிந்துகொள்கிறார்.

இந்த எண்ணோடு ஒரு மனிதரின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர்தாம் டேனியல் கேப்ரியல் பாரன்ஹீட். அவர் பெயரைக் கேட்காதவர்கள் அநேகமாக இல்லை. அவர் வாழ்க்கையை அறிந்தவர்களோ மிகச் சிலர். பதினைந்து வயதில் அநாதையானவர். இருபது வயதில் வாரண்டுக்குத் தப்பி ஊர் ஊராகத் திரிந்தவர். சர்வகலாசாலைப் பட்டம் எதுவும் பெறாதவர். விஞ்ஞானிகள் சபையில் இடம் கிடைத்த பின்னும் ஏழையாகவே மாண்டவர். இப்படிப்பட்ட ஒருவர்தாம், சூடு என்பதைத் தொட்டுப் பார்த்துச் சொல்லும் விஷயமாக இல்லாமல், எண்ணிச் சொல்லும் விஷயமாக மாற்றினார்.

விஷக் காளான்

பால்டிக் கடலோரத்தில் டான்ஸிக் என்றொரு துறைமுகப் பட்டணம் இருக்கிறது. இன்று அது போலந்து நாட்டில் க்டான்ஸ்க் என்று வழங்குகிறது. அங்கே ஒரு ஜெர்மானிய வியாபாரக் குடும்பத்தில் 1686-ம் வருஷம் மே மாதம் 24-ந் தேதி பாரன்ஹீட் பிறந்தார். தந்தையின் பெயரும் டேனியல்தான். தாயார் கன்கார்டியா. வீட்டில் வசதிக்குக் குறைவில்லை. உயிரோடிருந்த ஐந்து குழந்தைகளில் இவரே மூத்தவர். பையன் படிப்பில் ஆவல் உள்ளவன்.

1701-ம் வருஷம் ஆகஸ்டு 14-ந் தேதி அந்தக் குடும்பத்தின் தலையில் இடி விழுந்தது. விஷக் காளானைச் சாப்பிட்டதால் தாயும் தந்தையும் ஒரே நாளில் மாண்டுபோனார்கள். காலையில் செல்வர் வீட்டுப் பிள்ளைகளாக இருந்தவர்கள் மாலையில் அநாதைகளானார்கள்.

பிள்ளைகளின் பொறுப்பை ஏற்ற போஷகர்கள் மூத்தவனுக்கு ஒரு தொழில் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். வியாபாரி மகன் வியாபாரியாவதுதானே முறை! ஹாலந்து தேசத்து ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு வர்த்தகரிடம் கணக்கு வேலை பழக அவனை அனுப்பி வைத்தார்கள். பள்ளிக்கூடத்து ஆசை அத்தோடு முடிந்தது.

கணக்குப் புத்தகமும் கண்ணாடிக் குழாயும்

அந்தக் காலத்து ஆம்ஸ்டர்டாம் உலகத்துச் சரக்கெல்லாம் வந்து குவியும் பட்டணம். அதோடு, விஞ்ஞானக் கருவிகள் செய்யும் பட்டறைகளுக்கும் பேர் போனது. பூதக்கண்ணாடி, தூரதரிசினி, காற்றின் அழுத்தத்தைக் காட்டும் பாரமானி, உஷ்ணத்தைக் காட்டும் தர்மாமீட்டர் எல்லாம் அங்கே விலைக்குக் கிடைத்தன. பையன் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாலும் அவன் மனமெல்லாம் அந்தக் கண்ணாடிக் குழாய்களிலேயே இருந்தது.

தர்மாமீட்டர் அப்போது புதிய பொருள் அல்ல. கலிலியோ காலத்திலேயே சூட்டுக்கு ஏற்ப ஏறி இறங்கும் குழாய்கள் வந்துவிட்டன. ஆனால் அவற்றின் வாய் திறந்திருந்ததால், காற்றழுத்தம் மாறினாலும் அளவு மாறிவிடும். பிறகு இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்தார், சாராயத்தை ஊற்றி வாயை மூடிய குழாய்களைச் செய்தார்கள். அந்தக் குறை தீர்ந்தது. இன்னொரு பெருங்குறை அப்படியே நின்றது.

ஒவ்வொரு பட்டறைக்காரனும் தன் இஷ்டப்படி கோடு போட்டான். ஒருவன் வெண்ணெய் உருகும் சூட்டை ஓர் எல்லையாக வைத்தான். இன்னொருவன் ஆழமான நிலவறையின் குளிர்ச்சியை எல்லையாக்கினான். வேறொருவன் தன் ஊரில் கோடையின் மிக வெப்பமான நாளை எல்லையாகக் கொண்டான். சாராயத்தின் தரமும் கடைக்குக் கடை வித்தியாசம். மகா மேதை நியூட்டனே 1701-ல் ஓர் அளவை வெளியிட்டார். ஐஸ் உருகுவது 0, மனித உடம்பின் சூடு 12 என்பது அவர் கணக்கு. இப்படிப் பற்பல அளவுகள் நடமாடின.

பல அளவுகள் இருப்பதில் தவறில்லை. ஒன்றை மற்றொன்றாக மாற்றிக்கொள்ளலாம். முழத்தைக் கெஜமாகவும், படியை லிட்டராகவும் மாற்றுவதில்லையா? ஆனால் ஒரே மனிதன் ஒரே நாளில் செய்த இரண்டு தர்மாமீட்டர்கள் ஒரே அறையில் இரண்டு எண்களைக் காட்டினால் எதை எதாக மாற்றுவது? ஆளுக்கு ஆள் நீளம் மாறும் முழத்தை வைத்துக்கொண்டு துணி விற்க முடியாது. பாரிஸில் ஒருவர் குறித்த சூட்டை லண்டனில் ஒருவர் படித்து ஒன்றும் விளங்கிக்கொள்ள முடியாத நிலை அது. இந்தக் குறையைத் தீர்ப்பதே இளைஞர் பாரன்ஹீட்டின் வாழ்நாள் வேலையாகிவிட்டது.

வாரண்டு

ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும். பழகுநர் வேலையில் பணம் ஏது? பிதுரார்ஜித சொத்து தமக்கு வரும் என்ற தைரியத்தில் அவர் கடன் வாங்கினார். கண்ணாடியும் சாராயமும் பாதரசமும் அந்தப் பணத்தை விழுங்கின. வர்த்தகத்தையும் விட்டுவிட்டார். டான்ஸிக்கில் இருந்த போஷகர்களுக்குக் கோபம் பொங்கிற்று. கடனுக்கு அவர்களல்லவா பதில் சொல்ல வேண்டும்?

உருப்படாத பிள்ளைகளைக் கீழ்த்திசைக்குக் கப்பலேற்றி விடுவது அக்காலத்து ஹாலந்தில் ஒரு வழக்கம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எப்போதும் ஆள் தேவை. நம் நாகப்பட்டினத்தில் அப்போது கோட்டை கட்டி வியாபாரம் செய்துகொண்டிருந்ததும் அதே கம்பெனிதான். பாரன்ஹீட்டைப் பிடித்து அந்தக் கம்பெனியின் கப்பலில் ஏற்றிவிட 1707-ல் வாரண்டு பிறந்தது. ஏறிப் போனவர்களில் பலர் திரும்பி வந்ததில்லை. அவர் பிடிபட்டிருந்தால் பாரன்ஹீட் என்ற பெயர் உலகத்துக்குத் தெரியாமலே போயிருக்கும்.

அவர் பிடிபடவில்லை. பெர்லின், ஹாலே, லைப்ஸிக், டிரெஸ்டன் என்று வருஷக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்றினார். ஒளிந்து திரிந்த அந்தக் காலமே அவருக்குச் சர்வகலாசாலையாக அமைந்தது. போன இடமெல்லாம் கண்ணாடி ஊதுபவர்களையும் கருவி செய்பவர்களையும் சந்தித்தார்; சாஸ்திரம் அறிந்தவர்களைத் தேடிப் போய் வாசற்கதவைத் தட்டினார். கண்ணாடிக் குழாயை ஒரே சீரான துவாரத்தோடு இழுக்கும் வித்தை அவர் கைக்கு வந்தது. துவாரம் ஒரே அளவாக இல்லாவிட்டால், ஓரிடத்தில் ஒரு டிகிரி நீளமாகவும் இன்னோரிடத்தில் குட்டையாகவும் போய்விடும் அல்லவா?

கோபன்ஹேகன் மேயர்

1708-ல் அவர் டென்மார்க் தலைநகரான கோபன்ஹேகனுக்குப் போனார். அந்த நகரத்து மேயர் ஓலே ரோமர் சாதாரண மனிதரல்ல. ஒளிக்கும் வேகம் உண்டு என்பதை வியாழ கிரகத்தின் சந்திரனைக் கொண்டு 1676-லேயே கண்டறிந்த வானசாஸ்திரி. ஒரு காலைப் பொழுதில் பாரன்ஹீட் அவர் வீட்டுக்குப் போனபோது, ரோமர் தர்மாமீட்டர்களுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

முதலில் குழாய்களை ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் நிறுத்தி, திரவம் நின்ற இடத்தைக் குறித்தார் ரோமர். பிறகு உடம்புச் சூட்டில் உள்ள வெந்நீரில் வைத்து மற்றோர் இடத்தைக் குறித்தார். முதலாவது அவருடைய கணக்கில் 7½. இரண்டாவது 22½. வந்த இளைஞர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த ஊரிலும் எந்த நாளிலும் உண்டாக்கிக்கொள்ளக்கூடிய இரண்டு நிலைகளை வைத்துக்கொண்டால், அங்கிருந்து கோடுகளைப் பங்கிடலாம் என்ற சூட்சுமம் அவர் மனத்தில் பதிந்தது.

ஏழரை, இருபத்திரண்டரை என்ற பின்னங்கள் மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு டிகிரியையும் நாலாகப் பிரித்தார். ஏழரை முப்பதாயிற்று, இருபத்திரண்டரை தொண்ணூறாயிற்று. சில வருஷங்கள் கழித்து அவற்றையும் சற்று மாற்றி 32 என்றும் 96 என்றும் வைத்துக்கொண்டார். இந்த எண்களில் தொழிலாளிக்கு ஒரு சௌகரியம் உண்டு. 32-க்கும் 96-க்கும் இடையே 64 டிகிரி. 64-ஐ ஆறு தடவை பாதி பாதியாகப் பிரித்தால் ஒரு டிகிரி வந்துவிடும். ஒரு கோட்டைச் சரிபாதியாக்குவது எந்தக் கைத்தொழிலாளிக்கும் எளிது.

இன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டே கூட்டிக் கழிக்கும் அந்த 32 வந்த வழி இதுதான். டேனிஷ் மேயரின் ஏழரையில் பிறந்து, நாலால் பெருகி, இரண்டு கூடி வந்த எண் அது. இந்த விவரத்தைப் பாரன்ஹீட்டே 1729-ல் தம் நண்பர் டாக்டர் போர்ஹாவேக்கு எழுதிய கடிதத்தில் தெரிவித்திருக்கிறார்.

இரண்டு கருவிகள், ஒரே எண்

1714-ம் வருஷம் அவர் இரண்டு சாராயத் தர்மாமீட்டர்களை ஹாலே நகரத்துப் பேராசிரியர் கிறிஸ்டியன் வோல்ப் கையில் கொடுத்தார். வோல்ப் அவற்றை அக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார். காலையிலும் மாலையிலும், வெயிலிலும் நிழலிலும் இரண்டும் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின, ஒரே எண்ணைக் காட்டின. பேராசிரியருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. லைப்ஸிக்கில் வெளியான பிரபல விஞ்ஞானப் பத்திரிகையில் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதிவிட்டார்.

இரண்டு தர்மாமீட்டர்கள் ஒத்துப்போவதற்கு ஒரு கட்டுரையா என்று இன்று தோன்றும். அதுவரை அப்படி ஒரு ஜோடியை உலகம் கண்டதில்லை என்பதை நினைத்துப் பார்த்தால்தான் அதன் பெருமை விளங்கும்.

சாராயத்தோடு அவர் நிற்கவில்லை. தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே சாராயம் கொதித்துவிடும். ஆகவே அதிகச் சூட்டை அளக்க அது பயன்படாது. பாதரசம் அப்படியல்ல, கடுங்குளிரிலும் உறையாது, தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கு மேலும் வெகுதூரம் தாங்கும், சூட்டுக்குத் தக்கபடி சீராக விரியும். அதில் ஒரு தொல்லை, அழுக்குப் பாதரசம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பாரன்ஹீட் அதைச் சுத்தம் செய்யும் முறையைக் கண்டுபிடித்தார். அடியில் உருண்டைக் குமிழுக்குப் பதிலாக நீளவாக்கான குமிழை வைத்தார். சூடு சீக்கிரம் உள்ளே பரவ அது உதவியது. இந்தப் பாதரசத் தர்மாமீட்டர்தான் அடுத்த முந்நூறு வருஷங்கள் உலகத்தை ஆண்டது.

1717-ல் அவர் மறுபடியும் ஆம்ஸ்டர்டாமுக்கு வந்து நிலையாகத் தங்கினார். ஒரு காலத்தில் வாரண்டுக்கு அஞ்சி ஓடிய அதே ஊரில் பட்டறை வைத்துத் தர்மாமீட்டரும் பாரமானியும் செய்து விற்றார். 1718 முதல் ரசாயன சாஸ்திரம் பற்றிப் பிரசங்கங்களும் செய்தார். படிக்க முடியாமல் போன பையன், படித்தவர்களுக்குப் பாடம் சொன்னான்!

லண்டன் தந்த கௌரவம்

1724-ல் பாரன்ஹீட் லண்டனுக்குப் போனார். நியூட்டன் தலைவராக வீற்றிருந்த ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தது. அந்தச் சபையின் சஞ்சிகையில் லத்தீன் மொழியில் அவர் ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். அவர் அச்சிட்டு வெளியிட்ட ஆராய்ச்சி அநேகமாக அவ்வளவுதான். ஆனால் அந்த ஐந்துக்குள் ஒரு ஜீவியத்தின் உழைப்பு அடங்கியிருந்தது.

தம் அளவுக்கு மூன்று நிலைகளை அவர் அவற்றில் விவரித்தார். ஐஸ், தண்ணீர், நவச்சாரம் மூன்றையும் கலந்தால் உண்டாகும் கடுங்குளிர் 0. ஐஸும் தண்ணீரும் மட்டும் கலந்த நிலை 32. ஆரோக்கியமான மனிதனின் வாயிலோ அக்குளிலோ வைத்தால் 96. தண்ணீர் கொதிப்பதையும் அளந்தார், 212 வந்தது.

அதோடு ஓர் உண்மையையும் வெளியிட்டார். தண்ணீர் எப்போதும் ஒரே சூட்டில் கொதிப்பதில்லை. காற்றின் அழுத்தம் குறைந்தால் கொதிக்கும் சூடும் குறையும், கூடினால் கூடும். மலை உச்சியில் அரிசி வேக நேரமாவதும், பிரஷர் குக்கரில் சீக்கிரம் வேகுவதும் இதனால்தான்.

1721-ல் நடந்த மற்றொரு சம்பவம் இன்னும் விசித்திரமானது. மழைத் தண்ணீரைக் கண்ணாடிக் குமிழில் அடைத்து, 15 டிகிரிக் குளிரில் இரவு முழுதும் வைத்திருந்தார். 32-லேயே உறைந்திருக்க வேண்டிய தண்ணீர் காலையில் பார்த்தால் தண்ணீராகவே இருந்தது! இன்னொரு தடவை அதே மாதிரிக் குமிழை எடுத்துக்கொண்டு படியில் நடந்தபோது கால் இடறியது. குமிழ் குலுங்கியதுதான் தாமதம், தண்ணீருக்குள் ஐஸ் சீவல்கள் நிறைந்துவிட்டன. அசைவில்லாமல் இருந்தால் தண்ணீர் உறைநிலைக்குக் கீழேயும் உறையாமல் நிற்கக்கூடும் என்பது இவ்வாறு தெரிய வந்தது. நம்பிக்கையான தர்மாமீட்டர் கையில் இல்லாதிருந்தால் இந்த அதிசயத்தை யாரும் கண்டிருக்க முடியாது.

ஹேக் நகரில் கடைசி நாட்கள்

புகழ் வந்தது, பணம் வரவில்லை. ஹாலந்து கடல்மட்டத்துக்குத் தாழ்ந்த நிலங்கள் உள்ள தேசம். நிலத்தில் தேங்கும் தண்ணீரை இறைத்து வெளியேற்றுவது அங்கே ஜீவாதாரமான பிரச்னை. பாரன்ஹீட் அதற்கு ஓர் யந்திரத்தை வகுத்தார். அதற்கு உரிமை பெறுவதற்காக 1736-ம் வருஷம் ஹேக் நகருக்குப் போனார். போன இடத்தில் நோய் கண்டது. செப்டம்பர் 7-ந் தேதி உயில் எழுதும் நிலை வந்துவிட்டது. 16-ந் தேதி ஆவி பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 50.

ஏழைகளுக்கென்று ஏற்பட்டிருந்த நாலாம் வகுப்பு அடக்கச் சடங்கே அவருக்குக் கிடைத்தது. ஹேக் நகரத்து மடாலயக் கோயிலில் அவர் அடக்கமானார். உலகத்துச் சூட்டையெல்லாம் அளக்கக் கோல் கொடுத்தவரிடம் அதிகமாக மிச்சமிருந்தது கருவிகள்தாம்.

செல்சியஸ் வந்தார்

பாரன்ஹீட் பெற்றோரை இழந்த அதே 1701-ம் வருஷத்தில் ஸ்வீடன் தேசத்தில் ஒரு குழந்தை பிறந்தது. அதுதான் ஆண்டர்ஸ் செல்சியஸ். உப்ஸாலா நகரில் வானசாஸ்திரப் பேராசிரியராக இருந்த அவர், 1742-ல் வேறோர் அளவை வெளியிட்டார். ஐஸ் உருகும் நிலைக்கும் தண்ணீர் கொதிக்கும் நிலைக்கும் இடையே சரியாக நூறு பங்கு. மனித உடம்பும் வேண்டாம், நவச்சாரமும் வேண்டாம். தண்ணீர் ஒன்றே போதும்.

வேடிக்கை என்னவென்றால், அவர் வைத்த அளவு தலைகீழாக இருந்தது. கொதிப்பது 0, உறைவது 100. சூடு ஏற ஏற எண் இறங்கும்! 1744-ல் அவர் காலமான பின் மற்றவர்கள் அதைத் திருப்பி வைத்தார்கள். இரு நூற்றாண்டுகள் சென்டிகிரேடு என்ற பெயரில் வழங்கிய அந்த அளவுக்கு 1948-ல்தான் சர்வதேச மகாநாடு செல்சியஸ் பெயரை அதிகாரபூர்வமாகச் சூட்டியது.

ஒன்றை மற்றொன்றாக்கும் வழி

இரண்டு அளவுகளும் தண்ணீரின் இரண்டு நிலைகளில் சந்திக்கின்றன. ஒன்றில் 32 முதல் 212 வரை 180 டிகிரி. மற்றதில் 0 முதல் 100 வரை 100 டிகிரி. 180-க்கும் 100-க்கும் உள்ள விகிதம் 9-க்கு 5. ஆகவே செல்சியஸை 9-ஆல் பெருக்கி, 5-ஆல் வகுத்து, 32 கூட்டினால் பாரன்ஹீட். பாரன்ஹீட்டிலிருந்து 32-ஐக் கழித்து, 5-ஆல் பெருக்கி, 9-ஆல் வகுத்தால் செல்சியஸ்.

காகிதமும் பென்சிலும் இல்லாமலே போடக்கூடிய மனக்கணக்கு ஒன்று உண்டு. செல்சியஸை இரட்டிக்க வேண்டும்; வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும்; 32 கூட்ட வேண்டும். உதாரணமாக 40 டிகிரி செல்சியஸ். இரட்டித்தால் 80. பத்தில் ஒரு பங்கு 8 போக 72. அதோடு 32 சேர்ந்தால் 104. இது உத்தேசக் கணக்கல்ல, துல்லியமானது. மறுபடி திரும்பி வருவதற்கு, 104-லிருந்து 32 போக 72. அதில் ஒன்பதில் ஒரு பங்கு 8. அதை ஐந்தால் பெருக்க 40.

ஓர் எச்சரிக்கை. இப்போதுள்ள சூடு எவ்வளவு என்பதை மாற்றும்போதுதான் 32 வேண்டும். சூடு எவ்வளவு கூடியது என்பதை மாற்றும்போது 32-ஐத் தொடவே கூடாது. ஜுரம் 2 டிகிரி செல்சியஸ் ஏறியது என்றால் பாரன்ஹீட்டில் 3.6 டிகிரி ஏறியது என்று அர்த்தம், 35.6 அல்ல. இந்த இடத்தில் படித்தவர்களும் வழுக்கி விழுவதுண்டு.

பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் இரண்டு அளவுகளும் ஓரிடத்தில் கைகோத்துக்கொள்கின்றன. மைனஸ் 40 என்பது இரண்டிலும் ஒன்றே. பாரன்ஹீட் நம்பிய பாதரசம் உறைந்து கட்டியாவதும் ஏறக்குறைய அந்த இடத்தில்தான்.

96 எப்படி 98.4 ஆயிற்று?

பாரன்ஹீட் உடம்புச் சூட்டை 96 என்று வைத்தார். நம் வீட்டுத் தர்மாமீட்டரிலோ 98.4 அல்லது 98.6 என்கிறோம். மனித உடம்பு மாறிவிடவில்லை, கோடுகள்தாம் நகர்ந்தன. அவர் காலத்துக்குப் பின், தண்ணீர் உறைவதை 32 என்றும், கொதிப்பதை 212 என்றும் உறுதியாக நிறுத்தி, இடையே 180 பங்காக்கினார்கள். மனித உடம்பு எல்லையாக நிற்கும் பதவியை இழந்தது. புதிய கோடுகளின்படி அளந்தபோது உடம்புச் சூடு சற்று மேலே வந்து நின்றது.

ஜெர்மனியின் லைப்ஸிக் நகரத்து டாக்டர் வுண்டர்லிஷ் பல்லாயிரம் நோயாளிகளின் சூட்டைக் குறித்து வைத்து, 1868-ல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். ஆரோக்கியமான உடம்பின் சூடு 37 டிகிரி செல்சியஸ் என்பது அவர் முடிவு. மனக்கணக்கைப் போட்டுப் பார்த்தால், 74-ல் 7.4 போக 66.6, 32 சேர 98.6. புனிதமான எண்ணைப் போல எல்லாரும் மதிக்கும் 98.6, ஒரு முழு எண்ணை மாற்றிக் கணக்கிட்டதால் வந்ததே. உடம்புச் சூடு ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை சிறிது மாறும். சராசரி அதற்கும் சற்றுக் குறைவு என்பது இக்காலத்து ஆராய்ச்சிகளின் முடிவு. ஆகவே 99-ஐக் கண்டதும் பதறவும் வேண்டாம்.

பாரன்ஹீட் கருவியை வைத்தியத்தோடு சேர்த்து வைத்தவர் அவர் நண்பர் போர்ஹாவே. லெய்டன் நகரத்தில் அவரிடம் படித்த சீடர்கள் ஐரோப்பா எங்கும் டாக்டர்களானார்கள். அவர்களில் ஒருவரான டி ஹேன், வியன்னாவில் நோயாளிகளின் சூட்டைத் தர்மாமீட்டரால் அளந்து பார்த்தார். ஆனால் கருவி ஓரடி நீளமும், சுமார் இருபது நிமிஷம் காத்திருக்க வேண்டியதுமாக இருந்தபடியால் பலர் அதைத் தொடவில்லை. 1866, 67-ம் வருஷங்களில் இங்கிலாந்தில் டாக்டர் ஆல்பட் ஆறு அங்குலக் கருவியைச் செய்வித்தார். ஐந்து நிமிஷத்தில் சூடு தெரிந்தது. அதன் பிறகே ஜுரமானி டாக்டரின் பைக்குள் ஏறியது.

நிலைத்து நின்றது எது?

இன்று உலகத்தில் பெரும்பாலான நாடுகள் செல்சியஸையே சட்டபூர்வமாக மேற்கொண்டிருக்கின்றன. பாரன்ஹீட்டை முழுமூச்சாகப் பிடித்துக்கொண்டிருக்கும் பெரிய நாடு அமெரிக்கா ஒன்றுதான். இந்தியாவில் 1956-ல் வந்த சட்டத்தோடு மெட்ரிக் அளவுகள் புகுந்தன. சீதோஷ்ண இலாகா செல்சியஸில் பேசுகிறது. ஆனால் கோடை வந்ததும் தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் வெயில் சதம் அடித்துவிட்டதாகக் கொட்டை எழுத்தில் போடுகின்றனவே, அந்தச் சதம் பாரன்ஹீட்டின் சதம். செல்சியஸில் அது 37.8 டிகிரி. ஜுரம் நூற்றிரண்டு என்று நம் வீடுகளில் சொல்வதும் அவர் கணக்கே.

அவர் போற்றிய பாதரசத்துக்கும் விடை கொடுத்தாகிவிட்டது. அது விஷம் என்பதால், 2013-ல் ஏற்பட்ட மினமாட்டா உடன்படிக்கை பாதரசத் தர்மாமீட்டர்களை ஒழிக்க 2020-ம் வருஷத்தைக் கெடுவாக வைத்தது. எண்களைக் கட்டத்தில் காட்டும் மின்சாரக் கருவிகள் வந்துவிட்டன. அவற்றில் பலவற்றில் ஒரு பொத்தானை அமுக்கினால் பாரன்ஹீட் செல்சியஸாகிவிடும்.

அந்தப் பொத்தானுக்குள்தான் பாரன்ஹீட்டின் வெற்றி இருக்கிறது. அவருடைய 0 போய்விட்டது, 96 போய்விட்டது, பாதரசமும் போய்விட்டது. ஆனால் ஒரு கருவி சொல்வதையே மற்றொரு கருவியும் சொல்ல வேண்டும், ஓர் ஊரில் எடுத்த எண் இன்னோர் ஊரிலும் செல்ல வேண்டும் என்று அவர் ஏற்படுத்திய நியாயம் போகவில்லை. அது இருப்பதால்தான் ஓர் அளவை மற்றோர் அளவாக மாற்றுவதற்கே அர்த்தம் இருக்கிறது. செல்சியஸ் கணக்கில் படிக்கும் டாக்டரும், பாரன்ஹீட் கணக்கில் சொல்லும் தாயும் ஒரே ஜுரத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்ற நிச்சயத்தை உலகத்துக்குத் தந்தவர், நாலாம் வகுப்புச் சடங்கோடு அடக்கமான அந்தக் கண்ணாடித் தொழிலாளிதான்.